‘நீரிழிவு காண்க’: நூலகப் பொருள்தலைப்புகள் அன்றும் இன்றும்

சர்க்கரை நோயைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் புத்தகங்கள் வேண்டும் என்று ஒருவர் நூலகத்துக்கு வருகிறார் என வைத்துக்கொள்வோம். ஆங்கில மருத்துவம் படித்தவர் எழுதிய நூலின் தலைப்பில் ‘நீரிழிவு’ இருக்கும். சித்த மருத்துவர் ‘மதுமேகம்’ என்று எழுதியிருப்பார். எல்லோருக்கும் புரியட்டும் என்று எழுதியவர் ‘சுகர்’ என்றே அட்டையில் போட்டிருப்பார். இன்னொருவரோ கவர்ச்சியான தலைப்பு ஒன்றை வைத்து, நோயின் பெயரையே அட்டையில் சொல்லாமல் விட்டிருப்பார். நான்கும் பேசுவது ஒரே நோயைத்தான். இந்த நான்கையும் அந்த ஒரு வாசகரின் கையில் சேர்ப்பதற்காக நூலகர்கள் ஒன்றரை நூற்றாண்டாக உழைத்து உருவாக்கிய கருவிதான் பொருள்தலைப்பு. ஒரு பொருளுக்கு வழங்கும் பல சொற்களில் ஒன்றைத் தேர்ந்து அதைத் தலைப்பாக நிறுத்த வேண்டும். மற்ற சொற்களோடு வருகிறவர்களை அங்கே அனுப்பிவைக்க வேண்டும். ‘சர்க்கரை நோய்: நீரிழிவு காண்க.’ சாரம் இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்வதற்குத்தான் ஆயுள் போதாது.

இதற்கு முறையாக விதி வகுத்தவர் அமெரிக்காவில் பாஸ்டன் அத்தீனியம் நூலகத்தின் நூலகராக இருந்த சார்லஸ் அம்மி கட்டர். அவருடைய விதிநூல் 1876இல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் தெரிந்து வருகிறவருக்கு, நூலின் தலைப்பு தெரிந்து வருகிறவருக்கு, இரண்டும் தெரியாமல் பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு என மூவருக்கும் பட்டியல் வழிகாட்ட வேண்டும் என்றார். மூன்றாமவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். பூனையைப் பற்றிய நூலைப் ‘பூனை’ என்ற தலைப்பின்கீழ் வை, ‘விலங்கியல்’ என்ற தலைப்பின்கீழ்க் கொண்டுபோய் வைக்காதே என்பது அவர் விதி. அறிஞர்களின் சொல்லைவிட மக்கள் வழக்கில் உள்ள சொல்லுக்கே முதலிடம் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. இந்த இரண்டையும் இன்றுவரை எவரும் தள்ளிவிட முடியவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1898இல் இந்த வழியில் தன் தலைப்புகளைச் சேர்க்கத் தொடங்கி, 1909 முதல் 1914 வரை பகுதி பகுதியாக அச்சிட்டது. 1901 முதலே தன் அட்டவணை அட்டைகளை அச்சடித்து மற்ற நூலகங்களுக்கு விற்றுவந்தது. அட்டைகள் போன இடமெல்லாம் தலைப்புகளும் போயின. ஒரு நூலகத்தின் உள்வழக்கம் உலகத்தின் பொதுவழக்கமானது இப்படித்தான். சிறிய நூலகங்களுக்காக மின்னி சியர்ஸ் 1923இல் ஒரு சுருக்கப் பட்டியல் தந்தார். நம் ஊர் நூலகவியல் மாணவர்கள் பல தலைமுறையாகப் பயிற்சி எடுத்தது அந்தச் சியர்ஸ் பட்டியலை வைத்துத்தான்.

அந்த அட்டையைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன். பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலம், ஏழரை சென்டிமீட்டர் உயரம். கீழ்விளிம்புக்கு மேலே நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக ஒரு கம்பி இழுப்பறையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓடும். அட்டையைப் புரட்டலாம், உருவி எடுக்க முடியாது. ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருள்தலைப்புகளில் ஒன்றோ இரண்டோ மூன்றோ என்று பல அட்டைகள் இருக்கும். பொருள்தலைப்பைச் சிவப்பு மையில் எழுதுவது பல நூலகங்களில் வழக்கம். முதன்மை அட்டையின் பின்புறத்தில், இந்த நூலுக்கு வேறு எந்தெந்தத் தலைப்புகளில் அட்டை இருக்கிறது என்று சின்ன எழுத்தில் குறித்துவைப்பார்கள். நூல் தொலைந்தாலோ கழித்துக் கட்டினாலோ அந்தக் குறிப்பைப் பார்த்து எல்லா அட்டைகளையும் தேடி எடுக்க வேண்டும். நடுநடுவே நூல் எதையும் குறிக்காத அட்டைகளும் வரும். ‘காண்க’, ‘மேலும் காண்க’ என்று திசைகாட்டுவது மட்டுமே அவற்றின் வேலை. அட்டவணைப் பெட்டியின் அறிவெல்லாம் அந்த அட்டைகளில் இருந்தது என்பேன்.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவர் நடுநாயகமாக நிற்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அவருடைய ஐந்து விதிகளையும் கோலன் பகுப்புமுறையையும் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பொருள்தலைப்புக்கு அவர் செய்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் என்ன தலைப்பு என்று பட்டியலைப் புரட்டி நூலகர் தன் ஊகத்தால் முடிவு செய்வது அவருடைய கணித மனத்துக்கு ஒப்பவில்லை. நூலை வகைப்படுத்தும்போதே அதன் பொருளை ஆராய்ந்து ஓர் எண் தருகிறோம். அந்த எண்ணுக்குள்ளேயே தலைப்புகளும் அடங்கியிருக்கின்றன, அவற்றைப் பிரித்தெடுத்தால் போதும் என்றார். 1938இல் தன் நூலில் அவர் விளக்கிய இதற்குச் சங்கிலி முறை என்று பெயர்.

நெல் சாகுபடி நூல் ஒன்றைத் தூயி தசமப் பகுப்புமுறையின் எண்ணில் பார்த்தால் விளங்கும். 633.18 என்பது நெல். ஒரு படி மேலே போனால் 633.1, தானியங்கள். அதற்கும் மேலே 633, வயல்பயிர்கள். அதற்கும் மேலே 630, வேளாண்மை. கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணியையும் எடுத்து ‘நெல்: வேளாண்மை’, ‘தானியங்கள்: வேளாண்மை’, ‘வயல்பயிர்கள்: வேளாண்மை’, ‘வேளாண்மை’ என்று அட்டை எழுதிவிடலாம். ‘நெல்’ என்று தேடினாலும், ‘தானியம்’ என்று தேடினாலும், வெறுமனே ‘வேளாண்மை’ என்று தேடினாலும் வழி கிடைக்கும். எந்தக் கண்ணியும் விட்டுப்போகாது. ஊகத்துக்கும் பெரிதாக இடமில்லை. பிரிட்டிஷ் தேசிய நூற்றொகை 1950இல் தொடங்கியபோது தன் பொருள் அகராதிக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சென்னை முறையைத்தான். 1970 வரை பிரிட்டனில் வெளியான புத்தகங்களுக்கான பொருள் வழிகாட்டி ரங்கநாதன் சொன்ன ஒழுங்கில்தான் அமைந்தது. பிறகு கணினிக்கேற்ற வேறு முறைகள் வந்தன. கடைசியில் பிரிட்டனும் காங்கிரஸ் நூலகப் பட்டியலுக்கே போய்ச் சேர்ந்தது. அமெரிக்கப் பட்டியலிடம் கூடுதல் நூலகங்களும் கூடுதல் பணமும் இருந்தன. சங்கிலி முறையில் குறை கண்டதால் மட்டுமே அது வென்றது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அட்டைக் காலத்தின் பெரிய குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரு தலைப்பை மாற்ற வேண்டும் என்றால் அதன்கீழுள்ள அத்தனை அட்டைகளையும் வெளியே எடுத்து, அழித்து, திரும்ப அடித்து, புதிய இடத்தில் செருக வேண்டும். அதனால் மாற்றவே தயங்கினார்கள். இரண்டாவது உலகப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் காங்கிரஸ் நூலகத்தில் முதல் போர் ‘ஐரோப்பியப் போர்’ என்ற பழைய தலைப்பிலேயே கிடந்தது. போரின் பெயர் பழையதாக இருந்தால் யாருக்கும் வலிக்காது. மனிதர்களின் பெயர் அப்படியல்ல. பெண் எழுத்தாளர்களுக்கு ‘எழுத்தாளர்களாகப் பெண்கள்’ என்று தலைப்பு இருந்தது, எழுதுவது அவர்களுக்கு இயல்பான தொழில் இல்லை என்பதுபோல. ஆப்பிரிக்க மக்களில் ஒரு பகுதியினர் வசைச்சொல்லாகக் கேட்ட ஒரு பெயரே தலைப்பாக இருந்தது. சாம்பியாவில் பணியாற்றிய அமெரிக்க நூலகர் சான்ஃபோர்டு பெர்மன், அங்குள்ள சக ஊழியர்கள் வழியாக அதை அறிந்து அதிர்ந்துபோனார். 1971இல் அவர் வெளியிட்ட நூல், மனிதர்களைக் குறிக்கும் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது ஏன் தவறு, இதற்குப் பதில் என்ன என்று எழுதியது. அவர் கேட்ட மாற்றங்களில் பல பின்னாளில் நடந்தன. நம் நாட்டுச் சாதி நூல்களுக்கு ஒரு காலத்தில் ‘தீண்டத்தகாதவர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே தலைப்பு. இன்று அந்தப் பட்டியலில் ‘தலித்துகள்’ என்றே இருக்கிறது.

கணினி வந்து அட்டையின் சுமையை இறக்கிவைத்தது. காங்கிரஸ் நூலகம் 1980 இறுதியோடு அட்டை செருகுவதை நிறுத்தியது. தலைப்புப் பட்டியலின் கனமான சிவப்புத் தொகுதிகள் 2013க்குப் பிறகு அச்சாகவில்லை. பல்லாயிரம் நூலகங்களுக்கு அட்டை அடித்துக் கொடுத்துவந்த அமெரிக்காவின் ஓசிஎல்சி நிறுவனம், சுமார் 190 கோடி அட்டைகளுக்குப் பிறகு, 2015 அக்டோபர் 1 அன்று கடைசி அட்டையை அடித்தது. இன்று ஒவ்வொரு தலைப்புக்கும் நிலையான அடையாள எண் உண்டு. தலைப்பை ஓரிடத்தில் திருத்தினால் அந்த எண்ணோடு இணைந்த பதிவுகளையும் கணினியே திருத்திவிடலாம்.

வேலை எளிதானது, வழக்கு தீரவில்லை. ‘சட்டவிரோத அந்நியர்’ என்ற தலைப்பை நீக்குமாறு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 2014இல் கோரிக்கை வைத்தார்கள். காங்கிரஸ் நூலகம் 2016இல் சம்மதித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் குறுக்கே நின்றார்கள். 2021 நவம்பரில்தான் அது ‘குடியுரிமை அற்றோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என இரண்டாகப் பிரிந்தது. ஒரு நூலகத் தலைப்புக்காக ஏழு ஆண்டுப் போராட்டம். தலைப்பு வைப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்றைய வாசகருக்கு இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. அவர் முன்னால் இருப்பது ஒரு தேடல் கட்டம். சொல்லைத் தட்டினால் வந்து கொட்டுகிறது, இனித் தலைப்பு எதற்கு என்று நூலக நிர்வாகிகளே கேட்கிறார்கள். இது ஆபத்தான கேள்வி. ‘ஆறு’ என்று தட்டிப் பாருங்கள். காவிரியும் வரும், எண் ஆறும் வரும், ஆறுமுக நாவலரும் வருவார். எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்குப் பொருள் தெரியாது. 2005இல் டீனா கிராஸ், ஆர்லீன் டெய்லர் என்ற இரு அமெரிக்க நூலகவியலாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். பதிவுகளில் பொருள்தலைப்பே இல்லாவிட்டால், சாதாரணச் சொல் தேடலில் கிடைக்கும் முடிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காமல் போகும் என்று கண்டார்கள். தேடல் கட்டம் தானாகக் கண்டுபிடிப்பதாக நாம் நினைப்பதில் பெரும்பங்கு, என்றோ ஒரு நூலகர் உட்கார்ந்து படித்துப் பார்த்து எழுதிய தலைப்பின் பயன்.

இந்த வேலையில்தான் தமிழ் பின்தங்கி நிற்கிறது. தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஜான் மர்டாக் 1865இலேயே தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார், கட்டரின் விதிநூலுக்குப் பதினொரு ஆண்டு முன்னால். ஆனால் இன்று ஒரு தமிழ் நூலின் பதிவை நல்ல ஆய்வு நூலகம் ஒன்றின் பட்டியலில் திறந்தால் பொருள்தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. காங்கிரஸ் நூலகப் பதிவுகளில் நூலின் பெயரும் நெடுங்காலம் ரோமன் எழுத்தில்தான் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த ஆய்வாளருக்கு அது போதும். மன்னார்குடியிலோ மன்னாரிலோ கிளை நூலகத்துக்கு வரும் விவசாயிக்குப் போதாது. அவர் ‘விவசாயம்’ என்பார். நூல் ‘வேளாண்மை’ என்கிறது. இலங்கை நூல் ‘கமத்தொழில்’ என்கிறது. மிளகாய்ச் சாகுபடி நூல் இலங்கையர் எழுதியதென்றால் ‘கொச்சிக்காய்’ என்றும் இருக்கலாம். இத்தனை வழக்குகள் உள்ள மொழிக்குக் ‘காண்க’ என்ற சுட்டு மற்ற மொழிகளைவிட அதிகம் தேவை.

பின்லாந்து மக்கள்தொகை ஐம்பத்தைந்து லட்சத்தைச் சுற்றித்தான். பின்னிஷ், சுவீடிஷ், ஆங்கிலம் மூன்றிலும் சொற்கள் இணைந்த பொதுப் பட்டியலை அந்த நாடு உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதன் தேசிய நூலகம் நூல்களுக்குத் தலைப்புகளைப் பரிந்துரைக்கும் அன்னிஃப் என்ற மென்பொருளையும் திறந்த மூலமாகத் தந்திருக்கிறது. கருவி தயாராக இருக்கிறது. நாம் கொடுக்க வேண்டியது சொற்பட்டியலும், அதைக் கொண்டு தலைப்பிட்ட மாதிரிப் பதிவுகளும்தான்.

தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பொது நூலகத் துறையும், தமிழ் இணையக் கல்விக்கழகமும், இந்திய, இலங்கைப் பல்கலைக்கழகங்களின் நூலகவியல் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் தமிழுக்கு ஒரு பொதுப் பொருள்தலைப்புப் பட்டியல் செய்துவிடலாம். எல்லாத் துறைக்கும் ஒரேயடியாக வேண்டாம். மருத்துவமும் வேளாண்மையும் முதலில் வரட்டும். ஏனென்றால் அந்த இரண்டையும் தேடி வருகிறவர்கள்தான் புத்தகத்தின் சொல் தெரியாமல் தங்கள் வீட்டுச் சொல்லோடு வருகிறார்கள். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது தேடிய சொல்லுக்கு நூல் கிடைக்காவிட்டால், நீங்கள் தேடிய அந்தச் சொல்லை நூலகரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பட்டியலுக்கு முதலில் வேண்டியது அதுதான்.