பல துண்டுகளாலாகிய ஒரு முகப்படம்

மனிதர் ஒருவரைப் புகைப்படம் எடுக்கப் புகுவோர்க்கு நெடுநாளாக ஓர் இடர்ப்பாடு உண்டு. நீண்ட குவியத் தூரமும் அகன்ற துவாரமும் உடைய லென்ஸைக் கொண்டு எடுப்பின், முகம் தெளிவுற்றுப் பின்னணி பனி மூடினாற்போல் மங்கித் தோன்றும். ஆயின் அவர் நிற்கும் இடம் படத்துள் அடங்காது. அகன்று நோக்கும் லென்ஸைக் கொள்வோமாயின் மாளிகை, மரம், வீதி யாவும் அடங்கும்; ஆனால் அவையெல்லாம் தெளிவாய் நின்று முகத்தோடு போட்டியிடும். இடமும் வேண்டும், முகமும் தனித்து விளங்கவேண்டும் என்பார்க்கு வழி யாது?

நியூயார்க் நகரில் மணவிழாப் படங்கள் எடுத்துப் புகழ்பெற்ற ரயன் பிரெனைசர் என்பார் பரவச் செய்தமையால், அவர் பெயராலேயே வழங்கும் முறையொன்று இதற்கு விடையளிக்கின்றது. நீண்ட லென்ஸையே கொண்டு, நின்ற இடம் பெயராது, காட்சியைத் துண்டு துண்டாக எடுத்துக் கணினியில் ஒரே படமாக இணைப்பதே அம்முறை.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வாம். எடுக்கப்படுபவர் நிற்கும் தொலைவு மாறாதிருக்க, பின்னணி மங்கும் அளவைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது துவாரத்தின் உண்மையான அகலமே. 85 மி.மீ. குவியத் தூரமும் 1.4 துவார எண்ணும் உடைய லென்ஸின் துவாரம் ஏறக்குறைய 61 மி.மீ. அகலமுடையது. 36க்கு 24 மி.மீ. அளவுள்ள காமிராவில் அது 3 மீட்டர் தொலைவில் ஒன்றேகால் மீட்டர் அகலத்தையே காட்டும். சுமார் 16 துண்டுகளை இணைத்தால் மூன்றரை மீட்டருக்கு மேற்பட்ட அகலம் கிட்டும். அவ்வளவையும் ஒரே முறையில் காட்டவல்லது 30 மி.மீ. லென்ஸ், அதற்கு அத்துணை அகன்ற துவாரம் வேண்டுமெனின் துவார எண் 0.5 ஆதல் வேண்டும். அது கடையில் வாங்கக் கிடைப்பதன்று. 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' திரைப்படத்தில் மெழுகுவர்த்தி ஒளியிற் படம்பிடிக்க உதவிய புகழ்பெற்ற ஸைஸ் லென்ஸின் எண்ணும் 0.7தான்! பெரிய கண்ணாடித் தட்டுகளில் எடுத்த பழையோர்க்கோ இப்பண்பு இயல்பாகவே வாய்த்தது. தட்டு பெரிதாகவே லென்ஸும் நீண்டு, துவாரமும் அகன்றிருந்தது.

செய்முறையில் கவனிக்கவேண்டுவன சில. குவியம், ஒளியளவு, நிறச்சமன் மூன்றையும் கையாலேயே நிறுத்திவிடல் வேண்டும். தானே இயங்கவிட்டால் துண்டுக்குத் துண்டு வேறுபடும். காமிராவை லென்ஸின் துவாரம் தோன்றும் இடத்தை அச்சாகக் கொண்டு திருப்புதல் நன்று. இன்றேல் அருகிலுள்ள பொருள்கள் பின்னணியோடு பொருந்தா. ஒவ்வொரு துண்டும் அடுத்ததில் மூன்றிலொரு பங்கேனும் படிந்திருக்கவேண்டும். மங்கிய வானமும் இலைத்திரளும் மட்டுமே உள்ள துண்டுகளில் அடையாளம் காணக் கணினி இடர்ப்படுமாதலின், அங்கே இன்னும் மிகுதியாகப் படியவிடுக. இணைப்பதற்கு 'ஹியூஜின்' முதலிய இலவச மென்பொருள்களும் உள.

இங்ஙனம் ஆகும் படம் ஒரு கணத்தின் படமன்று என்று குறை கூறுவாரும் உளர். ஓவியன்முன் பல நாள் அமர்ந்தவரின் உருவத்தை நாம் பொய்யென்று தள்ளுவதில்லையே! எனினும் அமர்பவரின் பொறுமைக்கு எல்லையுண்டு. ஆதலின் முகத்தையும் கைகளையும் துண்டின் ஓரத்தில் வெட்டுப்படாதவாறு முதலில் எடுத்து, உடலை முடித்து, பின்னரே சுற்றுப்புறத்துக்குச் செல்லவேண்டும்; அப்பொழுது அவர் மூச்சு விட்டுக்கொள்ளலாம், நின்ற இடத்தைவிட்டு அகலாதிருந்தாற் போதும். ஓடியாடும் குழந்தைகளிடத்தும், பலத்த காற்றில் ஆடைகள் பறக்கும்போதும் இம்முறை பலிப்பதரிது. மூன்று கைகளோடு முளைத்த மணமகனைக் காண நேரினும் வியப்பில்லை.