பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்போமா?

மதீனத்துப் பெண்கள் ஒருமுறை நபி (ஸல்) அவர்களிடம் ஒரு முறைப்பாட்டோடு வந்தார்கள். தங்களிடம் பாடம் கேட்பதில் ஆண்கள் எங்களை முந்திக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்பது அவர்களது கோரிக்கை. யாரும் அவர்களை அதட்டவில்லை. நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளில் நபியவர்கள் அவர்களுக்குப் போதித்தார்கள். மூன்று குழந்தைகளை இழந்த தாய்க்கு அக்குழந்தைகள் நரகத்தைத் தடுக்கும் திரையாவார்கள் என்று சொன்னபோது, இருவரை இழந்தவளுக்கோ என்று ஒரு பெண் இடையில் கேட்டாள். இருவரானாலும்தான் என்று பதில் கிடைத்தது. ஸஹீஹுல் புகாரியில், கல்வி பற்றிய பகுதியிலேயே இச்சம்பவம் இடம்பெற்றிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! படிப்பவர்கள் பாடநேரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார்கள். படிப்பித்தவர் அதை ஏற்று ஒழுங்கை மாற்றினார். நம் வீட்டுப் பிள்ளை பாடசாலையைப் பற்றி ஒரு குறை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "சேர் சொன்னால் சரியாத்தான் இருக்கும், நீ போய்ப் படி!" அத்தோடு முடிந்தது.

பிள்ளையிடம் கேட்காமல் ஒழுங்கு வகுத்தால் என்னென்ன தவறிப்போகும் என்பதை அறிய யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் பார்த்தால் போதும். ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தரைவழி உண்டு. புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு அது முடிந்துவிடும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் ஏறக்குறைய இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழும்பிவிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் வந்தவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டதை மறக்காத தாய்மார், கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் பிள்ளை கரை சேரும்வரை தஸ்பீஹ் மணியைக் கீழே வைக்காவிட்டால் அதில் ஆச்சரியமில்லை.

நாடெங்கும் பாடசாலை நேரம் காலை 7.30 முதல் 1.30 வரை. சட்டம் தீவுக்கும் அதேதான். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து, படகேறி வரும் ஆசிரியருக்கு முதலாம் பாடவேளையைப் பிடிப்பது பெரும்பாடு. கடைசிப் பாடவேளையில் அவரது கண் கடிகாரத்தில்தான் இருக்கும். படகைத் தவறவிட்டால் அவருக்கும் ஒரு வீடு, காத்திருக்கும் பிள்ளைகள். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைபிரித்துக் கொடுப்பனவு வழங்குகிறார்கள். கொடுப்பனவு ஆசிரியரைக் கொண்டுவரும். படகை நேரத்துக்குக் கொண்டுவராது. கணிதத்தை முதல் பாடவேளையில் போடாதீர்கள், படகு வந்த பிறகு போடுங்கள் என்று சொல்ல ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். கேட்பாரில்லை.

சாதாரண தரம் முடிந்ததும் அடுத்த கவலை. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் சின்னத் தீவுப் பிள்ளை பெரும்பாலும் யாழ் நகருக்கு வந்து தங்கவேண்டியிருக்கிறது. ஆண்பிள்ளையை அனுப்பிவிடுகிறோம். பெண்பிள்ளை என்றதும் வீட்டில் ஒரு மௌனம். எங்கே தங்குவாள், யார் பார்ப்பது, செலவுக்கு என்ன வழி? அந்த மௌனத்தில்தான் எத்தனையோ கெட்டிக்காரப் பெண்களின் படிப்பு நின்றுபோகிறது. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். மாவட்டம் என்று பார்த்தால் நெடுந்தீவுப் பிள்ளையும் யாழ் நகரத்துப் பிள்ளையும் ஒரே நிரையில் நிற்கிறார்கள். ஒருத்திக்குத் தெருவுக்குத் தெரு ரியூஷன் வகுப்பு. மற்றவளுக்கு மாலையானால் கடல்தான்.

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் இருப்பதை அறிவோம். அங்கே நம் சகோதரர்களின் சிறு சமூகமும் பள்ளிவாசலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இப்படிச் சிறுதொகையாக வாழும் இடங்களில் நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். அதில் குறையொன்றுமில்லை; ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகளுக்குள் பகை எளிதில் வராது. ஆனால் சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். நான்கைந்து பிள்ளைகளுக்காக ஓர் இஸ்லாம் பாட ஆசிரியரை நியமிப்பது இலேசான காரியமல்ல. மற்றவர்கள் சைவநெறி படிக்கும் பாடவேளையில் இவர்கள் புத்தகத்தைத் தாமே புரட்டுவதா? முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானில் விடுமுறை உண்டு. தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை நோன்போடு வகுப்பில் இருக்கவேண்டும். வெயிலில் விளையாட்டுப் பயிற்சி என்றால், நோன்பு என்று சொல்லக் கூச்சப்பட்டு ஓடுகிற பிள்ளையும் உண்டு. அதிபரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெரும்பாலானோர் விட்டுக்கொடுப்பார்கள். சொல்வதற்குப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும், அல்லது தாய்க்கு வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் மற்றவர்களின் பாடசாலையில் மாலை வகுப்பில் இருந்து படித்த சிறுமிகள் இன்று தாய்மார். பிறர் கட்டடத்தில் இரவல் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பதென்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பிரம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். மாணவரை உடல்ரீதியாகத் தண்டிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் அறிவித்தது. "கண்ணிரண்டும் மிச்சம், தோலை உரியுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைத்த காலத்து வாப்பாமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடிபட்ட பிள்ளை வீட்டில் சொன்னால் இரண்டாவது அடி வீட்டில் கிடைக்கும் என்பதால், அவள் சொல்வதேயில்லை.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளைக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டென்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. மாணவர் பாராளுமன்றம் என்று பாடசாலைகளில் நடத்துகிறார்கள், நல்லதுதான். ஆனால் காரியம் நடக்கிற இடமான பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோர் உண்டு, ஆசிரியர் உண்டு, பழைய மாணவர் உண்டு. இன்றைய மாணவி மட்டும் இல்லை. நேற்றுப் படித்தவருக்கு வாக்கு இருக்கிறது, இன்று படிப்பவளுக்கு இல்லை!

பெரியவர்கள் இருக்கும் சபையில் பிள்ளை பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு இப்னு உமர் (ரலி) அவர்களின் சம்பவத்தை நினைவூட்டலாம். முஃமினுக்கு ஒப்பான மரம் எது என்று நபியவர்கள் கேட்டபோது, பேரீச்சை என்று சிறுவரான அவருக்கு விடை தெரிந்தது. பெரியவர்கள் மௌனமாக இருக்கக் கண்டு வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார். பிறகு தந்தை உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது தந்தை மெச்சவில்லை. நீ அங்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றுதான் வருந்தினார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் வந்தால் வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடாதீர்கள். முதல்நாள் இரவு மகளைப் பக்கத்தில் இருத்தி, எந்தப் பாடம் விளங்கவில்லை, எந்த ஒழுங்கு உன்னைச் சிரமப்படுத்துகிறது, யாரைக் கண்டால் பயம் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளோடு நீங்களே போங்கள்.