கிளியர் கோட் எங்கே முடிகிறது?

டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் 1980-ஐ ஒட்டி உற்பத்திக்கு வந்ததிலிருந்து வண்டித் தொழிலோடு வளர்ந்த ஓசூரில், வண்ணப்பூச்சு வேலை பெரிய தொழிற்சாலைகளுக்குள் ஒரு விதமாகவும், ஊருக்குள் இருக்கும் டிங்கரிங் பட்டறைகளில் வேறு விதமாகவும் நடைபெறுகிறது. தொழிற்சாலையில் ஒயரும் பிளாஸ்டிக்கும் பூட்டப்படாத வெறும் உலோகக் கூட்டை 140 பாகை செல்சியஸ் அளவிலான சூட்டில் வேகவைக்க முடியும். ஓடிய வண்டியை அப்படிச் சூடாக்க முடியாது என்பதால், ஹார்டனர் கலந்த பெயிண்டை ஏறத்தாழ 60 பாகையிலோ, வசதியில்லாத பட்டறைகளில் திறந்த காற்றிலோ உலரவிடுகிறார்கள்.

இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் நிறம் ஓர் அடுக்கு, பளபளப்பு மற்றோர் அடுக்கு. பேஸ் கோட் எனப்படும் நிற அடுக்கின் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு, வழக்கமாக 40 முதல் 50 மைக்ரான் கனத்தில் அமைகிறது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி நிறத்தைக் காக்கும் வேதிப்பொருளும் இந்த மெல்லிய அடுக்குக்குள்தான் இருக்கிறது.

உள்ளங்கை அகலக் கீறலுக்காகப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, நிறத்தைச் சுற்றிலும் மங்கலாகப் பரப்பிக் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்துவிடலாம். சிக்கல் கிளியரில் எழுகிறது. கதவு, பானெட் போன்ற பாகங்களில் அது விளிம்புவரை ஓடி இயல்பாகவே முடிந்துவிடும். பின்சக்கரத்துக்கு மேலுள்ள குவார்ட்டர் பேனலோ பல கார்களில் இணைப்பே தெரியாமல் கூரையோடு தொடர்வதால், கிளியரை எங்கேனும் நடுவழியில் நிறுத்த வேண்டியதாகிறது. அவ்விடத்தில் பெயிண்டர் ஸ்ப்ரே கன்னை வெளிப்புறமாக வீசிப் பூச்சை மெலியவைத்து, ஓரத்தில் சொரசொரப்பாக உட்கார்ந்த துகள்களைக் கரைக்கப் பிளெண்டிங் தின்னரைப் பனிபோல் தூவி, நன்றாகக் காய்ந்தபின் 2000, 3000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்ட் இட்டு மெருகேற்றுகிறார். கைதேர்ந்தவர் பஃபிங் மெஷினைப் புதுப் பூச்சிலிருந்து பழைய பூச்சை நோக்கியே ஓட்டுவார். எதிர்த்திசையில் ஓட்டினால் மெலிந்த ஓரம் பிய்ந்துவிடும்.

வேலை முடிந்த அன்று இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அந்த ஓரத்தில் கிளியர் போதிய கனமின்றியும், கதிரைத் தடுக்கும் பொருள் குறைந்தும் இருப்பதோடு, தேய்ப்பில் மேலும் சில மைக்ரானை இழந்திருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் பாளத்தை எத்தனை முறை மெருகேற்றினாலும் அடியிலும் அதே கல்தான் இருக்கிறது. கிளியருக்கு அடியிலோ நிறம்தான் இருக்கிறது. வெயிலும் தண்ணீரும் பட்டுப்பட்டு, காலப்போக்கில் அங்கே வெளிறிய கோடு தோன்றும். பிறகு அது தோலாக உரியத் தொடங்கும். நடுவில் நிறுத்திய கிளியருக்குப் பெயிண்ட் நிறுவனங்கள் பொதுவாக உத்தரவாதம் தராததற்கும் இதுவே காரணம்.

கிளியரில் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது என்பதால், வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு கிளியர் அடிக்கும் வழக்கம் ஓரத்தில் விழும் கோட்டைவிடப் பெரிய கேடு. தூய காற்றைக் குழாய்வழி அளிக்கும் முகமூடியே அதற்குப் பொருத்தமானது.

மெலிந்த ஓரம் வெயிலில் உரிவதால், பம்பர் முனை, வெயில் நேராக விழாத கீழ்ப்பகுதி ஆகியவற்றில் மட்டும் கிளியரை நடுவில் நிறுத்தும் ஒட்டு வேலை ஏற்கத்தக்கதே; கூரையை ஒட்டிய பகுதியிலும் பானெட்டின் நடுவிலும் அது பொய்ச் சிக்கனம். வண்டியை விடும் முன்பே, கிளியரை எதுவரை அடிக்கப்போகிறார்கள் என்று பட்டறையில் கேளுங்கள்; பாகத்தின் விளிம்புவரை அடிக்கக் கூடுதல் தொகை கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.