பண்ணைக் கருவிகளுக்குப் பவுடர் பூச்சா, பெயின்ட்டா?

சேற்றிலும் உரத்திலும் புழங்கும் இரும்புக் கருவிகளுக்குத் துருவே முதல் எதிரி. வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் உவர் நீரும் துருவை விரைவுபடுத்துகின்றன. மியூரேட் ஆஃப் பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடும் அவ்வாறே செய்கிறது. பழைய கருவியைப் புதுப்பிக்கும்போது பவுடர் பூச்சு நல்லதா, பெயின்ட் போதுமா என்ற ஐயம் விவசாயிகளுக்கு எழுகிறது. பளபளப்பை மட்டும் பார்க்காமல், அந்தப் பாகம் வயலில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பவுடர் பூச்சு

இம்முறையில் மின்னூட்டம் பெற்ற உலர்ந்த தூள் இரும்பின் மேல் தெளிக்கப்படுகிறது. பின்னர் சுமார் 180 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள சூளையில் வைக்கும்போது தூள் உருகி, ஒரே சீரான கெட்டிப் படலமாகிறது. இதன் கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். சிறு உராய்வுகளை இது நன்கு தாங்கும்.

ஆனால் கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்துவிட்டால், அவ்வழியே நீர் உள்ளே புகும். மேலே படலம் நன்றாகத் தெரிய, அடியில் துரு பரவிக்கொண்டே போகும். இதை வீட்டில் முறையாகச் சரி செய்ய இயலாது. பூச்சு முழுவதையும் நீக்கி மீண்டும் பட்டறைக்கே கொண்டுசெல்ல வேண்டும். பேரிங், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றாமல் சூளையில் வைக்கவும் கூடாது.

பெயின்ட்

பெயின்ட் படலம் அவ்வளவு கெட்டியானதன்று. எனினும் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, விவசாயியே அன்றைக்கே தொட்டுப் பூசிவிடலாம். வெல்டிங் செய்த இடத்தையும் எளிதில் மூடலாம். இதுவே இதன் பெரிய நன்மை.

எதற்கு எது?

* அடிபடாத பாகங்களான விதைப்புக் கருவியின் பெட்டி, பெல்ட் மூடி, தெளிப்பான் சட்டம் ஆகியவற்றுக்குப் பவுடர் பூச்சு ஏற்றது. வெயிலில் நிற்கும் கருவிக்குப் பாலியஸ்டர் வகைத் தூளைக் கேட்டு வாங்க வேண்டும். எபாக்சி வகை மட்டும் பூசினால் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்புபோல் உதிரும்.
* அடிக்கடி அடிபடும், வெல்டிங் தேவைப்படும் கலப்பைச் சட்டம், டிரெய்லர் ஆகியவற்றுக்குப் பெயின்ட்டே சிக்கனமானது.
* மண்ணைக் கிழிக்கும் கொழு, கேஜ் வீல் பட்டை ஆகியவற்றில் எந்தப் பூச்சும் நில்லாது. வேலை முடிந்ததும் கழுவி, உலர்த்தி, கிரீஸ் அல்லது எண்ணெய் தடவி வைப்பதே போதும்.

பெயின்ட் அடிக்கும் முறை

கருவியை நல்ல நீரில் கழுவி உப்பையும் உரத்தையும் நீக்க வேண்டும். உலர்ந்தபின் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் கொண்டு துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் பிசுக்கு தங்கிவிடும். கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சும், அது காய்ந்தபின் எனாமல் இரு பூச்சும் கொடுக்கலாம். கூரான ஓரங்களிலும் வெல்டிங் இணைப்புகளிலும் படலம் மெலிதாகவே நிற்குமாதலால், அங்கு முதலில் ஒருமுறை தனியே பூச வேண்டும். மழை நாளிலும், பனி இறங்கும் வேளையிலும் பூசக் கூடாது.

பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். எனவே அதை நனைத்தே சுரண்ட வேண்டும். சுரண்டிய கழிவு மாட்டுத் தீவனத்திலோ, குழந்தைகள் விளையாடும் இடத்திலோ விழாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பவுடர் பூச்சுக்குக் கொடுப்பவர்கள், துருவை முழுவதும் நீக்குவார்களா, பாஸ்பேட் கரைசலில் பதப்படுத்துவார்களா என்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும். துருவின் மேல் போட்ட பூச்சு, எவ்வளவு விலை கொடுத்துப் போட்டாலும் விரைவில் உரிந்துவிடும். நன்கு தேய்த்துப் பூசிய சாதாரண பெயின்ட் அதைவிடக் கூடுதல் காலம் உழைக்கும்.