அரைக் கிலோ கொழுந்து எங்கே போனது?

கேமரன் மலையில் ஹாபு, சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நிறுவை நேரம் மறக்காது. கூடையை இறக்கியதும் கண் தராசு முள்ளிலேயே நிற்கும். கிராணி எழுதும் எண்தானே கூலி! அரைக் கிலோ குறைந்தால் அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம்.

அதே கணக்கைக் கணினி போட்டால் யாரைக் கேட்பது? ஜாவா படிக்கும் நம் பிள்ளைகளுக்கு யூனிட் டெஸ்டிங்கை விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிலோவுக்கு 30 சென் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் எடுத்தது 38.5 கிலோ. கூலி 11 வெள்ளி 55 சென். நிரல் எழுதியவர் எடையை 'இன்ட்' வகைக்கு மாற்றிவிட்டார். அப்படி மாற்றினால் ஜாவா தசமத்தை வெட்டி எறிந்துவிடும், 38.9 கூட 38தான். கூலி 11 வெள்ளி 40 சென் ஆகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. 15 சென்தானே என்று விட முடியுமா? நாள்தோறும் இப்படியே போனால் 100 பேருக்கு 26 நாளில் 390 வெள்ளி.

கூலி போடும் அந்த ஒரு மெத்தட்டை மட்டும் தனியே பிரித்துச் சோதிப்பதே யூனிட் டெஸ்ட். அதற்கான இலவசக் கருவி ஜேயூனிட். 1997இல் கென்ட் பெக், எரிக் காமா இருவரும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்தபோது விமானத்திலேயே எழுதத் தொடங்கியது அது.

மேவன் திட்டமாக இருந்தால் 'போம்' கோப்பில் 'ஜேயூனிட் ஜூபிட்டர்' நூலகத்தைச் சேருங்கள். சோதனைக்கென்று உள்ள 'டெஸ்ட்' கோப்புறையில் ஒரு கிளாஸ், அதில் ஒரு மெத்தட், அதன் தலையில் 'டெஸ்ட்' என்ற குறி. உள்ளே ஒரே வரி: 'அசர்ட்ஈக்குவல்ஸ்'. முதலில் வர வேண்டிய விடை 1155 சென். அடுத்து உங்கள் மெத்தட் தரும் விடை. அந்த 1155ஐக் கையால் போட்டுக் கண்டுபிடியுங்கள். நிரலை ஓட்டி, வந்த விடையையே எடுத்து எழுதினால் திருடனையே சாட்சிக்கு அழைத்த கதைதான்.

ஓட்டியதும் சிவப்பு: எதிர்பார்த்தது 1155, கிடைத்தது 1140. இனி எடையைக் கிராமாக, 38,500 என்று கொடுங்கள்; 30ஆல் பெருக்கிய பிறகு 1000ஆல் வகுங்கள். பச்சை!

அதோடு விடாதீர்கள். எடை பூஜ்யமானால்? தவறி எதிர்மறை எண் விழுந்தால்? 38.53 கிலோ என்றால் 1155.9 சென் வருகிறது. முழு எண் வகுத்தல் அந்த.9ஐ மறுபடியும் வெட்டும். 1155ஆ, 1156ஆ என்பதை ஜாவா சொல்லாது. கூலி கொடுப்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். முடிவானதும் அதையும் ஒரு டெஸ்டாக எழுதி வையுங்கள்.