துணிக்கடைச் சிப்பந்திகளின் வேலை நேரம்

நம் அங்கத்தினர் பலருடைய மக்கள் தறியையும் வயலையும் விட்டு நகரத்துத் துணிக்கடைகளில் வேலை பார்க்கின்றனர். அவர்களைக் காக்கும் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இன்று அது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என வழங்குகிறது.

அதன்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி. வாரத்திற்கு 48 மணி. நான்கு மணி நேரம் உழைத்தவருக்கு ஒரு மணி ஓய்வு தரவேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை; அதற்காகச் சம்பளத்தைப் பிடித்தல் கூடாது.

மிகைநேரம் சேர்ந்தாலும் நாளொன்றுக்கு 10 மணியையும், வாரத்திற்கு 54 மணியையும் தாண்டலாகாது. அந்த மிகைநேரத்திற்கு இரட்டிப்புக் கூலி உண்டு. 8 மணிக்கு 600 ரூபாய் பெறுபவரின் மணிக்கூலி 75 ரூபாய். தீபாவளி வியாபாரத்தில் அவர் இரண்டு மணி கூடுதலாக நின்றால் 300 ரூபாய் சேரவேண்டும். பண்டிகை இனாம் இதற்கு ஈடாகாது.

பணியினிடையே உட்காருவதற்கு இருக்கை அளிப்பதையும் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாளியின் கடமையாக்கிற்று.

வந்த நேரத்தையும் சென்ற நேரத்தையும் தினந்தோறும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும்படி பிள்ளைகளிடம் கூறுங்கள். கூலி குறைந்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். சங்கத்தின் பற்றுவரவுக்குக் கணக்கு எவ்வளவு அவசியமோ, உழைத்த நேரத்திற்கும் அவ்வளவு அவசியம்.