அரக்குச் சேலை செங்கல் நிறமானது ஏன்?

கல்யாண ஆல்பம் வந்து விட்டது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்காருகிறார்கள். முதல் பக்கத்தைப் புரட்டியதுமே பெண்ணின் தாயார் முகம் மாறுகிறது.

"இது யார் சேலை? நாம் எடுத்தது அரக்கு அல்லவா? இது செங்கல் மாதிரி இருக்கிறதே!"

ஆல்பம் ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போகிறது. ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்து காட்டுகிறார்.

"பாருங்கள் அம்மா. இங்கே அரக்காகத்தானே இருக்கிறது?"

"இருக்கிறது தம்பி. என் கையில் இருக்கிற படத்தில் இல்லையே!"

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பொய் சொல்வது பெரும்பாலும் நடுவில் இருக்கும் மானிட்டர்தான்!

போட்டோ ஸ்டூடியோக்களிலும் அச்சகங்களிலும் அடிக்கடி நடக்கும் வழக்கு இது. ஆல்பத்தைத் திரும்பப் போட்டால் தாளும் மையும் கூலியும் நஷ்டம். போடாவிட்டால் வாடிக்கைக்காரர் நஷ்டம். மறுபடி படம் எடுக்கலாம் என்றால், கல்யாணத்தைத் திரும்ப நடத்த முடியுமா?

இத்தனைக்கும் அந்த மானிட்டர் மலிவுச் சரக்கு அல்ல. கலர் வேலைக்கென்றே நிறையப் பணம் கொடுத்து வாங்கியது. கலரை அளக்கும் கருவியும் வைத்திருக்கிறார்கள். கருவி "சரி" என்கிறது. அப்படியும் தப்பு வருகிறது என்றால், எங்கே கோளாறு?

மூன்று விளக்குகள்

மானிட்டர் திரையைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே நிறப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றையும் 256 படிகளில் கூட்டலாம், குறைக்கலாம். இந்த மூன்றும் கலந்து 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 கலர்கள் பிறக்கின்றன.

ஆனால் ஒரு மானிட்டரின் சிவப்பு மற்றொன்றின் சிவப்பு ஆகாது. நாளாக ஆக, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கும் மங்கி மஞ்சள் தட்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து மணி திருத்துவது போல, மானிட்டரையும் அவ்வப்போது திருத்த வேண்டும். இதைத்தான் தொழிலில் "காலிபரேஷன்" என்கிறார்கள்.

ஏமாறும் கண்

கண்ணால் பார்த்தே திருத்தி விடலாமே என்று தோன்றும். முடியாது!

மஞ்சள் பல்பு வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. விளக்கின் மஞ்சளை மூளை தானே கழித்து விடுகிறது.

2015-ம் ஆண்டு பிப்ரவரியில் இன்டர்நெட்டில் ஒரு கவுன் படம் உலகம் சுற்றியது. "வெள்ளையும் தங்கமும்" என்றார்கள் சிலர். "இல்லை, நீலமும் கறுப்பும்" என்றார்கள் மற்றவர்கள். ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு கணவனும் மனைவியும் வாதாடினார்கள். கடைசியில் கவுன் நீலமும் கறுப்பும்தான் என்று தெரிந்தது. ஒரு கவுனுக்கே இந்தப் பாடு என்றால், சாந்துக்கும் செங்கலுக்கும் நடுவில் நிற்கும் அரக்கு நிறத்துக்குக் கேட்க வேண்டுமா?

கருவி செய்யும் வேலை

அதனால் "கலரிமீட்டர்" என்ற சிறு கருவியைத் திரைமேல் தொங்க விடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கலராகக் காட்டும். கருவி அதை அளக்கும். காட்ட வேண்டியது இவ்வளவு, காட்டியது இவ்வளவு என்று ஒரு கணக்கு எழுதப்படும். இந்தக் கணக்குக்குப் "புரோபைல்" என்று பெயர். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் பிலிம் கம்பெனிகளும் 1993-ல் சேர்ந்து இதற்குப் பொது முறை வகுத்தன.

வெள்ளை நிறத்துக்கு 6,500 கெல்வின் என்பது வழக்கமான அளவு. இது பகல் வெளிச்சத்தை ஒட்டியது. வெளிச்சம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வரை இருந்தால் அச்சு வேலைக்குப் போதும்.

புது மானிட்டர்கள் பல 250 கேண்டலாவுக்கும் மேலே எரியும்படி வருகின்றன. கடையில் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா? அந்தப் பளிச்சில் படம் நன்றாகத் தெரிகிறதே என்று அப்படியே அச்சுக்கு அனுப்பினால், தாளில் எல்லோர் முகமும் இருண்டு வரும். தாளுக்குப் பின்னால் விளக்கு இல்லை!

இரண்டு பேர் போட்ட உப்பு

அளந்த பிறகும் கலர் தப்பினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வேறு எதுவோ நடுவில் கை வைக்கிறதா என்பதைத்தான். ஒரே குழம்பில் மாமியாரும் உப்புப் போட்டு, மருமகளும் உப்புப் போட்டால் என்ன ஆகும்?

கண் கூசாமல் இருக்க, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி 2017-ல் விண்டோஸிலும் மேக்கிலும் வந்தது. பகலில் சரியாக இருந்த திரை, பொழுது சாய்ந்ததும் மஞ்சளடித்தால் குற்றவாளி இதுதான். கிராபிக்ஸ் கார்டுடன் வரும் புரோகிராமும் தன் பங்குக்குக் கலரைத் திருத்தும். பழைய காலிபரேஷன் புரோகிராம் ஒன்று அழிக்கப்படாமல் உள்ளே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

மானிட்டரும் லேசுப்பட்டதல்ல. அறை வெளிச்சத்துக்குத் தக்கபடி தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு சிலவற்றில் உண்டு. மின்சாரச் சிக்கன அமைப்பும் உண்டு. அளக்கும் முன்பே இவற்றை அணைத்து விட வேண்டும். இல்லாவிட்டால், ஓடுகிற ஆட்டை எடை போட்ட கதைதான்.

அளந்தவுடன் சரியாக இருக்கிறது, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கெடுகிறது என்றால், எழுதிய கணக்கு திரும்ப ஏறவில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு சாம்பலாக வெளுத்தால், எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியே டெலிவிஷனுக்கு உரிய அளவு போகிறதா என்று பார்க்க வேண்டும். டெலிவிஷன் கணக்கில் கறுப்பு 16-ல் தொடங்கும். கம்ப்யூட்டர் கணக்கில் 0-வில் தொடங்கும்.

திரை முழுவதும் லேசாகப் பச்சையோ ரோஸோ தட்டினால், மானிட்டர் விளக்கின் வகையைக் கருவிக்குத் தவறாகச் சொல்லி இருக்கலாம். இது பலர் சறுக்கும் இடம். பழைய விளக்கு வேறு, புது எல்.இ.டி. வேறு. பட்டியலில் சரியான வகையைத் தேர்ந்தால்தான் கருவி ஒழுங்காக அளக்கும்.

சில உயர்ந்த மானிட்டர்களில் திருத்தம் மானிட்டருக்கு உள்ளேயே எழுதப்படுகிறது. அதற்குப் படம் வரும் கேபிளுடன் யு.எஸ்.பி. கேபிளும் வேண்டும். அதைச் சொருக மறந்து விட்டு நாள் முழுவதும் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

எல்லாத் திருத்தங்களையும் நீக்கி, மானிட்டரை முதலில் வந்த நிலைக்குக் கொண்டு வர வேண்டும். அரை மணி நேரம் எரிய விட்டு, அதன் பிறகு அளக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம். அவசரத்தில் ஐந்தை மாற்றி விட்டு, "ஏதோ சரியாகி விட்டது" என்றால், அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்.

கருவி இல்லாமலே பார்க்கக் கூடிய சோதனை ஒன்று உண்டு. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல் பட்டையைத் திரையில் காட்டுங்கள். எந்தப் படியிலாவது பச்சையோ சிவப்போ கலந்து தெரிந்தால் திருத்தம் ஒழுங்காக விழவில்லை.

ஒரே படம் இரண்டு புரோகிராமில் இரண்டு கலராகத் தெரிகிறதா? மானிட்டரைத் திட்டாதீர்கள். ஒரு புரோகிராம் புரோபைலைப் படிக்கிறது, மற்றது படிக்கவில்லை. அவ்வளவுதான். அறைச் சுவரையும் பாருங்கள். பளிச்சென்ற பச்சைச் சுவரும், ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயிலும் கண்ணைக் கெடுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சேலை மட்டும் மாறினால், தப்பு காமிராவில் இருக்கலாம். கல்யாண மண்டபத்தில் மஞ்சள் விளக்கும் வீடியோக்காரரின் வெள்ளை விளக்கும் ஒன்றாக எரிகின்றன. காமிரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? அங்கே திருத்த வேண்டியது படத்தை, மானிட்டரை அல்ல.

ஆல்பம் முழுவதையும் திரும்பப் போடும் முன்பு, ஒரே ஒரு பக்கத்தைச் சிறிதாக அச்சடித்துப் பார்க்கலாம். பெண்ணின் தாயாரும் சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டை எடுத்து வரட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாசலில் நிழலான இடத்தில், பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ராத்திரி மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் துணி ஒரு கலராகவும் படம் ஒரு கலராகவும் தெரியலாம். அதற்கு மானிட்டர் பொறுப்பல்ல!